மீட்டர்காரரின் முப்பது கதவுகள்

இருபத்திரண்டு வருடம் வீடு வீடாகப் படியேறித் தண்ணீர் மீட்டர் பார்த்தவருக்கு, மீட்டர்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொண்ட பிறகு, அலுவலகத்தில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். அதற்குப் பெயர் பதவி உயர்வு. நாற்காலியோடு மேசையும், மேசைமேல் ஒரு தொலைபேசியும், தொலைபேசிக்கு மேல் பம்பு அறையைப் பார்த்த ஒரு ஜன்னலும் வந்தன. வேலை மட்டும் வரவில்லை. காலை ஒன்பதுக்குக் கையெழுத்துப் போடுவார். மாலை ஐந்துக்கு இன்னொன்று. இரண்டு கையெழுத்துக்கும் நடுவே அவர் என்ன செய்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

வருத்தப்பட்டார் என்று சொல்ல முடியாது. வருத்தப்பட்டிருந்தால் யாராவது ஆறுதல் சொல்லியிருப்பார்கள். "எப்படி இருக்கீங்க?" என்றால் "இருக்கேன்" என்பார். "சாப்டீங்களா?" என்றால் "ஆச்சு" என்பார். மனிதர் எவ்வளவு நிதானம் பாருங்கள் என்று அலுவலகத்தில் பேர் எடுத்தார். பல் பிடுங்குமுன் ஊசி போட்ட வாயும் அப்படித்தான், ரொம்ப நிதானமாக இருக்கும்.

அவரிடம் மிச்சமிருந்தது ஒரு விளையாட்டு. ஆறு வருடமாக ஞாயிறு மதியங்களில், வீட்டுப் பின்னறையில், அவரே நிரல் எழுதி, அவரே படம் வரைந்து செய்துகொண்டிருந்த கம்ப்யூட்டர் விளையாட்டு. பெயர் "வீடு வீடாக". மற்றவர்கள் செய்யும் விளையாட்டில் பூதம் வரும். இவருடையதில் படிக்கட்டு வரும். ஏறினால் ஒரு கதவு. தட்டினால் "யாருங்க?" என்று எழுத்து வரும். பிறகு மீட்டர் முகப்பு தெரியும். எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போக வேண்டும். சுடுவது கிடையாது, சாவது கிடையாது, ஜெயிப்பதும் கிடையாது. கதவுகள் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு. அவருடைய பழைய பாதையில் இருந்த அத்தனையையும் ஞாபகத்திலிருந்தே வரைந்திருந்தார். துருப்பிடித்த கொண்டி, பாதி கிழித்த விளம்பர ஒட்டி, எங்கும் போய்ச் சேராத அழைப்புமணி வயர், ஒற்றைச் செருப்பு, எல்லாம்.

ஒவ்வொரு கதவின் அடியிலும் ஒரு மெல்லிய பட்டை உண்டு. கதவுக்கும் தரைக்கும் நடுவே கசியும் வெளிச்சம். உள்ளே ஆள் உண்டா என்று மீட்டர்காரனுக்கு முதலில் சொல்வது அதுதான். படத்தில் அதற்கு ஆறு வரிப் புள்ளிகள் ஒதுக்கியிருந்தார். தொலைக்காட்சி ஓடும் வீட்டில் அது நீலம். பழைய பல்பு வீட்டில் மஞ்சள். ஆளில்லாத வீட்டில் கருப்பு.

இந்த மாதிரிக் கிறுக்குப் பிடித்தவர்கள் அந்தப் பக்கத்தில் இன்னும் எட்டுப் பேர் இருந்தார்கள் என்பதுதான் ஆச்சரியம். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மதியம், ஒரு தட்டச்சுப் பள்ளியின் மாடியறையில் கூடுவார்கள். ஒரு பல்டாக்டர், லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், தட்டச்சுப் பள்ளியின் சொந்தக்காரரும் சங்கத்தின் செயலாளருமான ஒருவர், இப்படி. அறையின் மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதற்குப் பெரியப்பா என்று பெயர். படங்களுக்கென்று பெரியப்பாவிடம் இருந்தது மொத்தம் அறுபத்துநாலு மெகாபைட். இன்றைக்கு ஒரு கைபேசி அதைக் கொட்டாவி விடும்போதே விழுங்கிவிடும். ஆனால் சங்கத்தின் விதி அதுதான்: எவன் வேண்டுமானாலும் புது மிஷினில் விளையாட்டை ஓட்டிவிடலாம், பெரியப்பாவிடம் பத்து நிமிடம் ஓடினால்தான் அது விளையாட்டு. ஓடினால் சுவரில் உள்ள கரும்பலகையில் பெயர் ஏறும். செய்தவர் தொடக் கூடாது, பேசக் கூடாது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஆடுபவர் அந்த விளையாட்டை அதற்குமுன் பார்த்தே இருக்கக் கூடாது.

"வீடு வீடாக" ஆறு முறை பெரியப்பாவிடம் போயிற்று. ஆறு முறையும் எட்டாவது கதவில் விழுந்தது.

"பெரியப்பா படுத்துட்டார்," என்பார் லிஃப்ட் மெக்கானிக். "எட்டாவது வீட்ல என்ன சார் வெச்சிருக்கீங்க? மாமியாரா?"

மீட்டர்காரருக்குப் புரியவில்லை. கதவுப் படங்கள் இருந்த கோப்பறையைத் திறந்து பார்த்தார். ஒரு கதவு நூறு கிலோபைட்கூட இல்லை. எட்டுக் கதவும் சேர்ந்து ஒரு மெகாபைட்டைத் தாண்டவில்லை. சரி, அதுவும் அதிகம்போல என்று, ஒரு மாதம் முழுக்க உட்கார்ந்து எல்லாப் படங்களையும் மேலும் மேலும் சுருக்கிச் சேமித்தார். நூறு கிலோபைட் முப்பது ஆயிற்று. கதவுகள் எல்லாம் வெந்நீர் ஆவி வழியாகப் பார்ப்பதுபோல மங்கிப்போயின. பெரியப்பா மறுபடி எட்டாவது கதவில், அதே இடத்தில், அதே நிதானத்தோடு படுத்தார்.

அடுத்த கூட்டத்தில் பல்டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஊரார் வாயை அடைத்தே பழகியவர். தன் வாய் திறந்தால் மூட மாட்டார்.

"மீட்டர் சார், போர்வையை மடிச்சு பீரோல வெச்சா எவ்வளவு இடம் எடுக்கும்?"

"கொஞ்சம்."

"விரிச்சா?"

"கட்டில் முழுக்க."

"நீங்க ஒரு மாசமா போர்வையை இன்னும் நல்லா மடிச்சிட்டு இருக்கீங்க. பெரியப்பா அதை விரிச்சுத்தான் ஆகணும். விரிச்சா புள்ளிக்கு நாலு பைட். மடிப்பு எப்படின்னு அவருக்கு அக்கறையே இல்ல."

"சரி."

"படத்தோட அகலம், உயரம் என்ன?"

"ஐந்நூத்து இருபது. ஆயிரத்து முப்பது."

பல்டாக்டர் ஒரு சொத்தைப் பல்லைக் கண்டுபிடித்தவர்போலக் கண்களை மூடிக்கொண்டார். "அட கடவுளே. பெரியப்பா அந்தக் காலத்து ஆளு சார். அவர்கிட்ட இருக்கிறது குறிப்பிட்ட அளவுப் பெட்டிங்கதான். ஐந்நூத்துப் பன்னெண்டு, ஆயிரத்து இருபத்துநாலு, ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டு. ஒரு புள்ளி கூடினாலும் அடுத்த பெட்டி. உங்க உயரத்துல ஆறு வரி கூடுதல். அந்த ஆறு வரிக்காக அவர் ஆயிரத்துப் பதினெட்டு வரி வெறும் இடத்தைச் சுமக்குறார். அகலத்துலயும் அதே கூத்து. ரெண்டு மெகாபைட்ல முடிய வேண்டிய கதவு எட்டு மெகாபைட் எடுக்குது. ஏழு கதவு ஐம்பத்தாறு. திரை, படிக்கட்டு, எழுத்து எல்லாம் சேர்த்து ஒரு நாலு. எட்டாவதுக்கு எங்க போவார் அவர்?"

"சரி."

"அந்த ஆறு வரியை வெட்டிடுங்க."

"அதுலதான் வெளிச்சம் இருக்கு."

இதைக் கேட்டு லிஃப்ட் மெக்கானிக் சிரித்தார். பல்டாக்டர் சிரிக்கவில்லை. வெளிச்சத்தைத் தனியாக ஒரு சின்னப் படமாக வரைந்து, எல்லாக் கதவுக்கும் அதையே அடியில் ஒட்டிக்கொள்ளலாம் என்றார். எரிவது ஒன்று, எரியாதது ஒன்று. மொத்தம் இரண்டு படம், தூசிக்குச் சமம்.

"நீலம், மஞ்சள் எல்லாம்?"

"அதெல்லாம் யாருக்கு சார் தெரியப்போகுது?"

"சரி," என்றார் மீட்டர்காரர். நானூற்றுப் பன்னிரண்டு வெளிச்சங்களையும் அடுத்த இரண்டு ஞாயிறுகளில் வெட்டினார். அவற்றைப் பெற்று வளர்த்த கை அதுதான் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றியிருக்காது. அகலத்தில் சுவர்ப் பக்கமாக நாலு நாலு புள்ளியைச் செதுக்கினார். மங்கிப்போன கதவுகளுக்குப் பழைய நல்ல பிரதிகளைத் தேடி எடுத்துப் போட்டார். கதவு ஒன்றுக்குச் சரியாக இரண்டு மெகாபைட் ஆயிற்று.

பல்டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்.

"தாண்டிப் போன கதவை விட்டுடணும் சார். நீங்க எடுத்த எதையும் கீழ வைக்கிறதே இல்ல. போற வீட்டுக் கதவை எல்லாம் முதுகுல கட்டிக்கிட்டு அடுத்த படி ஏறுறீங்க."

"தூக்கிப் போடறதா?"

"போடறது இல்ல. டிஸ்க்ல பத்திரமா இருக்கும். திரும்பி வந்தா மறுபடி எடுத்துக்கலாம். ஒரு செகண்டு ஆகும், அவ்வளவுதான்."

"அந்த ஒரு செகண்டு அங்க என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது. கருப்பா இருக்கும்."

மீட்டர்காரர் கொஞ்ச நேரம் பெரியப்பாவைப் பார்த்தார். "அது வேண்டாம்," என்றார்.

நாற்காலிக்கு வந்த இரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் மறுப்பு அது. பல்டாக்டர் நாற்காலியைப் பழைய இடத்துக்கே தள்ளினார்.

அந்தக் கூட்டத்திலேயே செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். மாடியறை தட்டச்சு வகுப்புக்கே வேண்டியிருக்கிறது. பெரியப்பாவைப் பழைய சாமான்காரர் வந்து எடுத்துப் போவார். அடுத்த கூட்டம்தான் கடைசி. சங்கம் எங்கே கூடும், கூடுமா என்பதெல்லாம் பிறகு. ஆக, பலகையில் ஏற ஆசைப்படுபவர்கள் அடுத்த மாதம் ஏறிக்கொள்ள வேண்டியது.

பலகையில் பெயர் ஏறுவதால் யாருக்கும் எதுவும் கிடைக்காது. பலகையே அறையோடு போய்விடப் போகிறது. ஆனாலும் மீட்டர்காரர் அந்தச் சனிக்கிழமைக்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். அவர் வராவிட்டால் யாருக்கும் தெரியாத அலுவலகத்தில், காரணம் என்ற கட்டத்தில், "ஒரு வேலையை முடிக்க வேண்டியிருக்கிறது" என்று எழுதினார். மேலதிகாரி அதை இரண்டு முறை படித்தார். நாற்காலிக்கு வந்த பிறகு அந்த மனிதர் எதையும் முடித்ததில்லை. முடிக்க எதுவும் கொடுக்கப்படவில்லை என்பது வேறு விஷயம்.

கணக்குப் போட்டுப் பார்த்தார். அறுபத்துநாலில் நாலு போனால் அறுபது. கதவுக்கு இரண்டு. ஆக முப்பது கதவு தாங்கும். முப்பத்தொன்றாவதில் பெரியப்பா படுப்பார். ஆனால் படியேறி, தட்டி, பதில் வரக் காத்திருந்து, எண்ணைக் குறிக்க ஒரு கதவுக்கு இருபத்தைந்து விநாடி. பத்து நிமிடத்தில் இருபத்துநாலு கதவுதான் போக முடியும். ஆறு கதவு மிச்சமே இருக்கிறது. எதையும் விட வேண்டியதில்லை.

இனி வேண்டியது விளையாட்டைப் பார்த்தேயிராத ஓர் ஆள். சங்கத்து எட்டுப் பேரும், இதுவரை ஆட அவர்கள் கூட்டிவந்த வெளியாட்களும் அது விழுவதைப் பார்த்தவர்கள். அலுவலகத்தில் யாரையும் கேட்கும் அளவுக்குப் பழக்கமில்லை. யோசித்துப் பார்த்ததில், ஆறு வருடமாக அந்த விளையாட்டு உருவான அதே வீட்டில் இருந்தும் அதை ஒருமுறைகூடப் பார்க்காதவர் ஒருவர் இருப்பது தெரிந்தது. அவர் மனைவி.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. நாள் முழுக்கப் புரியாத கையெழுத்தைப் படித்துச் சரியான மாத்திரை எடுத்துக் கொடுப்பவர். வீட்டில் சண்டை கிடையாது. சண்டைக்கும் நாலு வார்த்தை வேண்டுமே. பால், கேஸ், குழாய் ஒழுகுவது, இவற்றைப் பற்றி மட்டும் பேச்சு நடக்கும்.

"சனிக்கிழமை மதியம் ஷிஃப்டா?" என்று கேட்டார்.

"காலைல. ஏன்?"

"ஒரு இடத்துக்கு வரணும். பத்து நிமிஷம் வேலை."

"ஆஸ்பத்திரியா?"

"இல்ல."

"சரி," என்றார் மனைவி. அந்த வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்ல இரண்டு பேருக்கும் உரிமை இருந்தது.

சனிக்கிழமை மாடியறையில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். கீழே தட்டச்சு வகுப்புச் சத்தம். மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெரியப்பாவின் முன் உட்கார்ந்தார். செயலாளர் மேல்நோக்கிய அம்புக்குறி, தட்டும் பொத்தான் இரண்டையும் காட்டிக் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினார். மீட்டர்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

முதல் கதவு. அடியில் வெளிச்சம். மனைவி தட்டினார். "யாருங்க?" என்று வந்தது. எண்ணைக் குறித்தார். இரண்டாவது கதவு. வெளிச்சமில்லை. மனைவி தட்டவில்லை, நேராக அடுத்த கதவுக்குப் போனார்.

மீட்டர்காரரின் முகத்தில் ஏதோ அசைந்தது. ஆறு வருடத்தில் இது அவருக்குத் தோன்றவேயில்லை. இருட்டாக இருந்தாலும் தட்ட வேண்டும். இருபது விநாடி காத்திருக்க வேண்டும். பதிவேட்டில் "பூட்டு" என்று எழுத வேண்டும். அது துறை விதி. இருபத்திரண்டு வருடம் எந்தப் பூட்டிய கதவையும் தட்டாமல் அவர் தாண்டியதில்லை. அதனால் உலகத்தில் யாருமே தாண்டமாட்டார்கள் என்று வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்.

"அம்மா, எல்லா வீட்டையும் தட்டலாம்," என்றார் செயலாளர், உதவி என்று நினைத்து.

"ஆள் இல்லாத வீட்டை எதுக்குங்க தட்டறது? கை வலிக்காதா?"

எட்டாவது கதவு வந்தது. தாண்டிப் போனது. லிஃப்ட் மெக்கானிக் மெதுவாகக் கைதட்டினார். பல்டாக்டர் தட்டவில்லை, அவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்திருந்தார். மூன்றாவது நிமிடத்தில் பதினாலு. நாலாவது நிமிடம் முடிய இருபத்தொன்று. மனைவிக்கு வேகம் பிடித்துவிட்டது. மருந்துக்கடை அலமாரியில் கை போகிற மாதிரி போனது. ஐந்தரை நிமிடத்தில் இருபத்தொன்பது.

ஆறாவது நிமிடத்தில் முப்பதாவது கதவு. கட்டடத்தின் கடைசி மாடி, கடைசி வீடு. மேல்நோக்கிய அம்பை இன்னொரு முறை அழுத்தினால் அடுத்த கட்டடம், முப்பத்தொன்று, முடிந்தது கதை.

மனைவியின் விரல் நின்றது.

"இது நம்ம வீடு."

பச்சைக் கதவு. கொண்டிக்குக் கீழே சோபாவை உள்ளே கொண்டுவந்தபோது விழுந்த கீறல். அடியில் வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.

"உள்ள லைட் எரியுது. யாரு இருக்கா?" திரும்பிப் பார்த்துக் கணவரைக் கேட்டார்.

"அம்மா, அவர் பேசக் கூடாது. ரூல்," என்றார் செயலாளர்.

"வீட்லயும் அதே ரூல்தான்."

லிஃப்ட் மெக்கானிக் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். கேள்விக்குப் பதில் என்னவோ ரொம்பச் சுலபம். மீட்டர்காரர் தன் சொந்த வீட்டுக் கதவையும் மாதம் ஒருமுறை தட்டியிருக்கிறார். சொந்த வீடானாலும் அலுவல் நேரத்தில் தட்டித்தான் நுழைய வேண்டும் என்பதும் விதி. திறந்துவிட்டுத் தள்ளி நின்றது இந்த அம்மாதான். உள்ளே இருப்பது அந்த அம்மாவேதான். அதைச் சொல்ல வேண்டியவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"சாவி எங்க இருக்கு இதுல?"

"சாவி கிடையாதும்மா. தட்டத்தான் முடியும்."

"என் வீட்டை நான் எதுக்குத் தட்டணும்?"

செயலாளரிடம் இதற்கு விதி இல்லை. "அப்போ அடுத்த வீட்டுக்குப் போலாமே," என்றார். பல்டாக்டர் அவர் காலை மிதித்தார்.

மனைவி போகவில்லை. தட்டவும் இல்லை. கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்து உட்கார்ந்திருந்தார். பேருந்துக்காகக் காத்திருப்பவர் முகத்தில்கூட அதைவிடக் கொஞ்சம் அதிகம் எதிர்பார்ப்பு இருக்கும். பெரியப்பாவின் காற்றாடி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ஏழு நிமிடம். எட்டு. முப்பது கதவும் உள்ளே நெருக்கிப் பிடித்து நின்றன. இன்னொரு பைட்டுக்கு இடமில்லை. ஒன்பதாவது நிமிடத்தில் மனைவி, "இந்தக் கீறல்கூட வரைஞ்சிருக்கீங்க," என்றார், கேள்வியாக அல்ல. பதில் வரவில்லை. வரக் கூடாது.

கடிகாரம் அடித்தது.

உடனே தகராறு. நாலு நிமிடம் சும்மா நின்றதெல்லாம் ஓடியதாகுமா என்றார் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஒரு மாடியில் நின்றால் கெட்டுப்போச்சு என்றா எழுதுவீர்கள் என்றார் பல்டாக்டர். விதியில் "விழாமல் பத்து நிமிடம்" என்றுதான் இருக்கிறது, "நகர்ந்து" என்று இல்லை என்று செயலாளர் தீர்ப்புச் சொன்னார். சாக்பீஸை நீட்டினார். மீட்டர்காரர் பலகையில், பதினேழாவது வரியில், "வீடு வீடாக" என்று எழுதினார். எழுத்து நேராக இருந்தது. எதுவும் தோன்றவில்லை. தோன்றும் என்று கொஞ்சம் எதிர்பார்த்திருந்தார்போல. ஒரு நொடி அங்கேயே நின்றார்.

முப்பத்தொன்றில் விழுந்திருக்கும் என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். பல்டாக்டர் வெளியே வரும்போது தோளைத் தட்டி, "பாஸ் மார்க்தான், போங்க," என்றார்.

பேருந்தில் மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். மூன்று நிறுத்தம் போனபிறகு, "நானூறு கதவா?" என்றார்.

"நானூத்துப் பன்னெண்டு."

"எதுக்குமே சாவி இல்லையா?"

"மீட்டர்காரனுக்கு யாரு சாவி தருவா?"

"அது சரி," என்றார் மனைவி.

மறுநாள் ஞாயிறு. மதியம் பின்னறையில் உட்கார்ந்தார். முதலில் தாண்டிப் போன கதவை விடுவிக்கும் வரியை எழுதினார், ஒரே வரி, இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிப்புக் கேட்கும் அளவுக்குக்கூட நீளமில்லை. முப்பதாவது கதவுக்கு மட்டும் அந்த வரி பொருந்தாது என்று அதன்கீழே இன்னொரு வரி எழுதினார். பிறகு சாவிக்கு ஒரு படம் தொடங்கினார். பதினாறுக்குப் பதினாறு புள்ளி. பெட்டிக்குக் கச்சிதம். புள்ளிக்கு நாலு பைட் என்றால் மொத்தம் ஒரு கிலோபைட். பெரியப்பாவே இருந்தாலும் முகம் சுளித்திருக்க மாட்டார்.

சமையலறையைப் பார்த்து, "நம்ம சாவி என்ன மாதிரி இருக்கும்?" என்று கேட்டார்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கைப்பையிலிருந்து தன் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். தலைப்பகுதி வட்டம், மூன்று பல், நடுப்பல் கொஞ்சம் தேய்ந்திருந்தது. அவர் சட்டைப்பையிலும் அதே மாதிரிச் சாவி ஒன்று இருப்பது இரண்டு பேருக்கும் தெரியும். மனைவி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் வரைவதைப் பார்த்தார்.

"பல்லு மூணு," என்றார். "நீங்க நாலு போட்டிருக்கீங்க."